தாளிப்பு இல்லாத விருந்து

கடுகு வெடித்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது பத்துமலைக்கு உறைத்தது.

அவர் கையில் தாளிப்புக் கரண்டி. அதில் சூடான எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, கிள்ளிப் போட்ட இரண்டு காய்ந்த மிளகாய். எதிரே மேசைமேல் ஒரு கண்ணாடி மங்கு நிறையத் தயிர். வேண்டாம் என்று மூளை சொல்லி முடிப்பதற்குள் கரண்டி கவிழ்ந்துவிட்டது. ‘சொய்’ என்று ஒரு சத்தம். ஈப்போவின் சிலிபினில் அந்த வரிசை வீடுகள் அத்தனைக்கும் வாசம் போய்ச் சேர்ந்தது.

“ப்பா!”

மகள் தினேஸ்வரி தலையில் கட்டிய ஈரத் துண்டோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தாள்.

“என்னப்பா பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலம்மா. கை பண்ணிருச்சு.”

“அடுப்பே பத்த வைக்க வேணாம்னு சொன்னேன்லா! தயிரு, புளிப்புக்கு லீமாவ் சாறு, உப்பு, மிளகு, கொஞ்சம் தேனு. கலக்குனா முடிஞ்சதுன்னு எழுதியே குடுத்தேன்.”

“எழுதுனபடிதான் போட்டேன். எல்லாம் போட்டப்பறம் பாத்தா, என்னமோ கொறையுதேன்னு இருந்துச்சு.”

மனிதர் பொய் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருடங்களாக முச்சந்தியில் மாலை நேரக் கடை போட்டு மசால் வடையும் போண்டாவும் வாழைக்காய் பஜ்ஜியும் பொரிக்கிறவர் அவர். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று நின்று, கரண்டி எங்கே, கடுகு டப்பா எங்கே என்பதெல்லாம் அவர் கைக்குத் தனியாகத் தெரியும். அவரிடம் அது அனுமதி கேட்பதில்லை. சாலட்டுக்கு ஊற்றும் டிரெஸ்ஸிங் என்று மகள் வாய் வலிக்கச் சொல்லியும், அவர் அதைப் ‘பச்சைக் குழம்பு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். குழம்பு என்றால் தாளிக்க வேண்டாமா?

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆயர் தாவாரிலிருந்து யுகேந்திரன் தன் அம்மாவோடு வருகிறான். செம்பனை ஆலையில் மெக்கானிக். கையை நசுக்கிக்கொண்ட ஒரு தொழிலாளியை தன் காடியில் ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டுவந்து சேர்த்தபோது, அங்கே தாதியாக இருந்த தினேஸ்வரியோடு பேச்சுத் தொடங்கியதாம். தொழிலாளியின் கை ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. பேச்சுதான் இரண்டு வருடமாக நிற்கவில்லை.

தினேஸ்வரிக்கு இருபத்தொன்பது வயது. இதுவரை வந்த ஏழு வரனுக்கும் வேண்டாம் என்று தலையாட்டியவள், தானாக வாய் திறந்து ஒரு பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தப் பெயரைக் கேட்ட அன்று பத்துமலைக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவள் இன்னொன்றும் சொன்னாள்.

“அவருக்கு எண்ணெய் மட்டும் கூடாதுப்பா. ஒரு சொட்டுக்கூட.”

“என்னம்மா, ஏதும் சீக்கா?”

“சீக்கெல்லாம் இல்ல. உடம்பப் பாத்துக்கறாரு. அவிச்ச மீனு, தாளிக்காத ரசம், சாலட். சாலட் டிரெஸ்ஸிங் நீங்கதான் செய்யணும். எங்கப்பா கைப்பக்குவம் வேற யாருக்கும் வராதுன்னு அவருகிட்ட பெருமையா சொல்லி வச்சிருக்கேன்.”

அந்த ஒரு வார்த்தையில் பத்துமலை விழுந்தார்.

“இன்னொண்ணு ப்பா. நீங்களும் அவருகூட உக்காந்து அதையேதான் சாப்பிடணும். தனியா தழை தின்ன அவரு கூச்சப்படுவாரு. அதனால இந்த வாரம் பூரா செஞ்சு, நீங்களே சாப்பிட்டுப் பழகுங்க. அம்மாகிட்டத் தள்ளிவிடக் கூடாது.”

அவர் மனைவி நல்லம்மாளுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“மொத மொத வீட்டுக்கு வாரவருக்குப் பச்சத் தழையா போடுவீங்க? மாப்பிள்ளை வருதா, ஆட்டுக்குட்டி வருதா?”

“மெதுவா பேசு. புள்ளைக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். வடைக்காரர் வீட்டுக்குப் போயி வடை தின்னாம வந்தோம்னு அந்தம்மா ஆயர் தாவார் பூரா சொல்லும். அப்பறம் நம்ம மானம் என்னாகுறது?”

பத்துமலைக்கும் அதே பயம்தான். வெளியில் காட்டவில்லை. இந்தச் சம்பந்தம் தன் கையால் கெட்டுப்போய்விடக் கூடாது என்று மட்டும் சாமி படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டார்.

முதல் நாள் தாளிப்பில் போயிற்று. மறுநாள் அவர் கடுகு டப்பாவை அலமாரியின் உச்சித் தட்டில் வைத்துவிட்டு, நாற்காலியையும் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத்தான் தயிரைத் தொட்டார். லீமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சையைப் பத்துப் பன்னிரண்டு பிழிந்தார். உப்பு, மிளகு, தேன் எல்லாம் சரி. கலக்கிப் பார்த்தால் மோர் மாதிரி ஓடியது. வெள்ளரிக்காய்மேல் ஊற்றினால் வெள்ளரிக்காயை விட்டுவிட்டுத் தட்டின் ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டது.

தண்ணியாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பத்துமலைக்குத் தெரியாதா? இரண்டு கை கடலை மாவை அள்ளிப் போட்டார். கெட்டிப்படவில்லை. இன்னும் ஒரு கை போட்டார். நுரைக்க நுரைக்க அடித்தார். இப்போது கரண்டியில் ஒட்டிக்கொண்டு வழவழவென்று அழகாக விழுந்தது.

நல்லம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“பஜ்ஜிக்கா?”

“சாலட்டுக்கு.”

“எனக்கென்னமோ பஜ்ஜி மாவு மாதிரிதான் இருக்கு.”

பத்துமலை குனிந்து பார்த்தார். பஜ்ஜி மாவேதான். தன் கடையில் ஒருநாள்கூட இவ்வளவு பக்குவமாக வந்ததில்லை. அந்த அழகில் அவர் சொக்கிப்போய் நின்றது உண்மை. அதற்குப் பிறகு நடந்தது அவருக்குச் சரியாக நினைவில்லை. வேலை முடிந்து தினேஸ்வரி வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா ஒரு வாழைக்காயைப் பாதி தோல் சீவியபடி அடுப்பு முன் நின்றுகொண்டிருந்தார். சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

“ப்பா!”

“கை பண்ணிருச்சும்மா.”

மூன்றாம் நாள் அவர் வெளியாள் யோசனையைத் தேடிப் போனார். அவர் கடைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷரபுதீன் பாய் நல்ல மனிதர். சமையலில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது பாயின் சொந்த அபிப்பிராயம்.

“இதெல்லாம் சினாங் வேலைண்ணே! இதுக்குப் போயா மண்டைய ஒடைக்கிறீங்க? எள்ளை நல்லா வறுங்க. மிக்சில போட்டு அரைங்க. தயிர்ல கலக்குங்க. கெட்டியாவும் வரும், வாசமாவும் இருக்கும். அரபுக்காரங்க எல்லாம் அப்படித்தான் சாப்பிடுறாங்க.”

பத்துமலை எள்ளை வறுத்தார். அரைத்தார். நைசாக இருக்கட்டுமே என்று இன்னும் அரைத்தார். மாப்பிள்ளைக்காயிற்றே என்று அதற்கு மேலும் அரைத்தார். டிரெஸ்ஸிங் மினுமினுவென்று வந்தது. அன்று தினேஸ்வரி திட்டவில்லை. மங்குக்குள் ஒரு விரலை விட்டு எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் பளபளத்தது.

“இது என்னப்பா?”

“எள்ளு.”

“எள்ளுலேருந்து என்னப்பா வரும்?”

முப்பது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் தலையில் நல்லெண்ணெய் வைத்துக் குளிக்கிறவர் மங்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தயிரைச் சுத்தமான வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டார். தண்ணீரெல்லாம் வடிந்து, வெண்ணெய் மாதிரி கெட்டித் தயிர் துணியில் நின்றது. சனிக்கிழமை காலையில் அதில் லீமாவ் சாறு, தேன், இடித்த மிளகு, உப்பு, கொஞ்சம் இஞ்சிச் சாறு, பொடியாக நறுக்கிய புதினா எல்லாம் போட்டு, ஊற்றுகிற பதத்துக்குக் கலக்கினார். வெள்ளரிக்காய் ஒரு துண்டைத் தொட்டு வாயில் வைத்தார். இன்னொரு துண்டு. பிறகு ஒரு முழு வெள்ளரிக்காய்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் மெதுவாக. எண்ணெய்ச் சட்டிக்குத் துரோகம் செய்துவிட்டது போல அவருக்குக் கூச்சமாகவும் இருந்தது. ஐந்து நாட்களாக இதையே தின்றதில் கால்சட்டையும் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. கல்யாணக் கவலை ஆளை இப்படித்தான் இளைக்க வைக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் யுகேந்திரனே போன் செய்தான்.

“மாமா, நாளைக்கு வாரோம். எண்ணெய் விசயம் தினேஸ்வரி சொல்லுச்சா?”

“சொல்லுச்சு தம்பி. கவலையே படாதீங்க.”

“ஒரு சொட்டுக்கூட வேணாம் மாமா. கண்டிப்பா வேணாம். நான் வந்து பாப்பேன்.”

போனை வைத்தபோது பத்துமலைக்கு வேர்த்திருந்தது. வந்து பார்ப்பானாமே! இவ்வளவு கண்டிப்பான பிள்ளையா? தன் கையை இனி அடக்கிக்கொள்ளலாம். நல்லம்மாளின் கையை என்ன செய்வது? காலையிலிருந்து அவள் அந்த மங்கைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டில் இருந்த எண்ணெய் டின், நல்லெண்ணெய்ப் போத்தல், தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய், சாமி விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய் என்று ஒன்று விடாமல் ஒரு பெட்டியில் அடுக்கி, ஷரபுதீன் பாய் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

“பாய், நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். நல்லம்மா வந்து கேட்டாலும் குடுக்காதீங்க.”

“ஏண்ணே, வீட்டுல சண்டையா?”

“சம்பந்தம், பாய்.”

அந்த இடத்தில் அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான்: சாமி விளக்கு எண்ணெயையும் சேர்த்து எடுத்தது. மாலையில் விளக்கேற்றப் போன நல்லம்மாள், எண்ணெய் இல்லாததைப் பார்த்தாள். நல்ல காரியம் பேச வருகிற நேரத்தில் விளக்கு எரியாமல் இருக்கலாமா? விறுவிறுவென்று மளிகைக் கடைக்கு நடந்தாள். விளக்குக்கு விசேஷமாகவே இருக்கட்டும் என்று ஒரு பெரிய போத்தல் நெய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கெல்லாம் அவர்கள் வந்துவிட்டார்கள். யுகேந்திரனின் அம்மா பிரமிளா வாசலிலேயே சிரிக்கிற பெண்மணி. யுகேந்திரன் நெடுநெடுவென்று, அகல மார்பும் உப்பிய கன்னங்களுமாக இருந்தான். எண்ணெய் தொடாத உடம்பு என்றால் ஒடிசலாக இருக்கும் என்று பத்துமலை நினைத்திருந்தார். ஆரோக்கியம் என்பது இதுதான் போலிருக்கிறது என்று திருத்திக்கொண்டார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. பையன் மரியாதை தெரிந்தவன். பெரியவர் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தான். தினேஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தைக் கண்டு பத்துமலைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இது நடக்க வேண்டும். எப்படியாவது நடக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஷரபுதீன் பாய் கையில் ஒரு பெரிய தட்டோடு உள்ளே வந்தார்.

“அண்ணே, நேத்து வீட்டு எண்ணெயெல்லாம் கொண்டாந்து குடுத்தீங்கள்ல, எனக்கு மனசே கேக்கல. சம்பந்தி வர்ற வீட்டுல எண்ணெய் இல்லாம என்ன சமைப்பீங்க? அதான் நானே கோழி பொரிச்சுட்டு வந்துட்டேன்!”

பத்துமலைக்கு உயிரே போய்விட்டது. பாய் அந்தத் தட்டை அவருக்கு முன்னால் வைத்ததுதான் தாமதம், யுகேந்திரன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். தட்டைப் பிடுங்காத குறையாக எடுத்து, கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த தன் அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

“இது இங்க வேணாம் மாமா,” என்றான், மூச்சு வாங்க.

பொரித்த கோழியைக் கண்ணால் பார்ப்பதுகூட இந்தப் பிள்ளைக்கு ஆகவில்லையே என்று பத்துமலை கூனிக் குறுகினார். பாயின் கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் நன்றி சொல்லி அனுப்பிவைத்தார்.

இலை போட்டார்கள். பத்துமலையும் யுகேந்திரனும் பக்கத்தில் பக்கத்தில். சோறு வந்தது, அவித்த மீன் வந்தது. யுகேந்திரன் ரசத்தைக் கரண்டியில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“எண்ணெய் இல்லையே மாமா?”

“சத்தியமா இல்ல தம்பி.”

தினேஸ்வரி வெள்ளரிக்காய், சாலட் இலை, தக்காளி எல்லாம் வைத்த தட்டைக் கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னால் நல்லம்மாள் முகம் மலர மங்கைத் தூக்கிக்கொண்டு வந்து, இருவருக்கும் நடுவே வைத்தாள்.

பத்துமலை பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய டிரெஸ்ஸிங்கின்மேல் கடுகு மிதந்தது. கறிவேப்பிலை மிதந்தது. காய்ந்த மிளகாய் மிதந்தது. அவை எல்லாவற்றையும் சுற்றி மஞ்சளாக ஒரு குளம் மிதந்தது.

“என்னடி இது?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நல்லம்மாள் அவர் காதருகே குனிந்தாள்.

“எண்ணெய்தானே கூடாதுன்னீங்க? நான் எண்ணெய் ஊத்துவனா? நெய்யிலதான் தாளிச்சேன். மொட்டையா எப்படிங்க வைக்கிறது, சம்பந்தி முன்னால?”

கத்த முடியாது. மங்கை எடுத்துக்கொண்டு ஓடவும் முடியாது. மேலே நிற்கிற நெய்யை மட்டும் தன் இலையில் வழித்துப் போட்டுக்கொண்டால் அடியில் இருப்பது பையனுக்கு மிஞ்சும் என்று ஒரு யோசனை மின்னியது. பத்துமலை கரண்டியை எடுத்து மங்குக்குள் விட்டார்.

யுகேந்திரனின் கண்கள் அந்தக் கரண்டியைப் பார்த்தன. நெய்யைப் பார்த்தன. பிறகு எதிரே நின்ற தினேஸ்வரியைப் பார்த்தன. அவள் முகம் இறுகியிருந்தது.

“மாமா, நில்லுங்க!”

பத்துமலையின் கை அந்தரத்தில் நின்றது.

“இது... இது பூராவும் எனக்கு வேணும் மாமா.”

“தம்பி, வேணாம், இதுல வந்து...”

“எனக்குத்தான் மாமா!”

கரண்டியை அவர் கையிலிருந்து மெதுவாக, ஆனால் உறுதியாக வாங்கினான். மங்கை இரண்டு கையாலும் தூக்கினான். கண்ணை மூடினான். கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் சகிதம் மடக் மடக்கென்று அவ்வளவையும் குடித்தான். பாதியில் புரையேறியது. நிறுத்தவில்லை. கடைசியில் விரலால் மங்கின் ஓரத்தை வழித்து நக்கிவிட்டுக் கீழே வைத்தபோது, அவன் கண்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“ரொம்ப நல்லாருக்கு மாமா,” என்றான்.

பத்துமலை தன் இலையில் இருந்த வெறும் வெள்ளரிக்காயைக் குனிந்த தலை நிமிராமல் தின்றார். எப்படிப்பட்ட பிள்ளை இது! நாங்கள் வைத்ததை வேண்டாம் என்று ஒதுக்கி எங்களை அவமானப்படுத்தக் கூடாது என்பதற்காக, இத்தனை நாள் காத்த ஒழுக்கத்தை ஒரே மூச்சில் விட்டுவிட்டானே. ஏழு வரனைத் தட்டிக்கழித்துவிட்டு இவனைத் தேடிப் பிடித்த மகளின் புத்தியை நினைத்து அவருக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, அந்தப் புத்தி இப்போது தங்கள் மேல் எவ்வளவு கோபமாக இருக்கும் என்றும் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால், தினேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு யுகேந்திரனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளை அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மூன்று மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். காடி ஏறுவதற்கு முன் பிரமிளா பத்துமலையிடம் வந்தாள்.

“எங்களுக்கு மனசு நெறஞ்சுருச்சுண்ணே. தை மாசம் நாள் பாத்துறலாம். நீங்க என்ன சொல்றீங்க?”

பத்துமலைக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் நெஞ்சில் அந்த நெய் உறுத்திக்கொண்டே இருந்தது. பொய்யோடு சம்பந்தம் தொடங்கக் கூடாது என்று, கைகளைக் கூப்பிக்கொண்டு சொல்லிவிட்டார்.

“தங்கச்சி, எங்கள மன்னிக்கணும். எண்ணெயே தொடாத புள்ளைய, ஒரு மங்கு நெய்யக் குடிக்க வச்சுட்டோம். எனக்கு மனசே ஆறலம்மா.”

பிரமிளா கோழித் தட்டைக் கையில் பிடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

“யாருண்ணே எண்ணெய் தொடாதவன், எம்புள்ளையா? எண்ணெயே ஆகாதுன்னு கிளினிக்ல சொல்லியும் கேக்காத ஆளு நீங்கதானாமே. அப்பா வாயில இன்னைக்கு ஒரு சொட்டு போனாலும் கல்யாணமே கெடையாதுன்னு உங்க மகதான் இவன மெரட்டி வச்சுருந்துச்சு!”